மாடியில் பாடாத பாதி

படத்தில் அந்த இடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அறவாழி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து காலி டிபன் கேரியரோடு திரும்பி வரும் அப்பன் சமையலறையில் போய் உட்காருவான், அவ்வளவுதான், பேச்சில்லை, அழுகையில்லை, பின்னணி இசையே வேண்டாம் என்று டைரக்டர் கிருபாகரன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். சின்ன வயசுதான், ஆனால் விவரமானவன். அமைதி வேணும்ண்ணே, ஆனா செத்த அமைதி வேணாம், ஆள் இருக்கற அமைதி வேணும் என்றான். அது எப்படிப்பட்டது என்று அறவாழிக்குத் தெரியும், இத்தனை வருஷமாகச் சாலிகிராமத்தில் ஏசிக் குளிரில் உட்கார்ந்து சினிமாவுக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதுகூடத் தெரியாதா. நாகப்பட்டினத்தில் படம் பிடித்த அந்த வீட்டிலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, மைக்கை அடுப்பு மேடையில் வைத்து, வெறும் சமையலறையின் காற்றை மட்டும் பதிவு செய்துகொண்டு வந்தான். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மூச்சு உண்டு. அந்த மூச்சைத்தான் இப்போது இந்தக் கோழிக்கோட்டுத் தியேட்டரில், திரைப்பட விழாவுக்குக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கும் இத்தனை பேரும் கேட்கப் போகிறார்கள். அப்பன் உட்கார்ந்தான். டிபன் கேரியரைத் தரையில் வைத்தான். அப்புறம் அமைதி வந்தது, அமைதிக்குள்ளிருந்து பாட்டும் வந்தது. இடது பக்கத்திலிருந்து, தூரத்தில், ஒரு ஆண் குரல், வார்த்தை புரியாமல், அடித்தொண்டையில் எழுந்து மேலே போய் அங்கேயே தயங்கி நிற்கிற குரல். சேர்த்துவிட்டோமா? ஏதோ ஒரு டிராக்கை அணைக்காமல் விட்டுவிட்டோமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்ணைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்தபடியே கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். உனக்குக் கேக்குதாம்மா என்று அவளிடம் கேட்டுவிடலாம், இரண்டு வார்த்தைதான், நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் அவள் திரும்பிப் பார்த்து எது என்று கேட்டுவிட்டால்? வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினான். தியேட்டர் அணைந்துபோனது. பாட்டு அணையவில்லை.

அப்படியென்றால் உள்ளேதான், படத்தில் இல்லை, நல்லவேளை, என்று நினைத்த அதே நொடியில் நல்லவேளையா என்று இன்னொரு குரல் அவனுக்குள் கேட்டது. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது இடது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் பஞ்சு அடைத்தாற்போல இருந்தது, குளித்தபோது தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துக் குதித்துப் பார்த்தான், பிறகு அந்தப் பஞ்சும் இல்லை, அந்தப் பக்கத்தில் உலகமே இல்லை. தமயந்தி சாப்பாட்டு மேசையில் எப்போதும் அவனுக்கு இடது கைப்பக்கம்தான் உட்காருவாள், கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். எருமைமாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்களே, மனுசி பேசறது காதுல விழுதா இல்லியா என்று ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவள் தன் தம்பியிடம் சொல்வாள், தம்பி எடிட்டர்கள் சங்கத்தில் இருப்பவன், அவன் யாரிடமும் சொல்லமாட்டான், இருந்தாலும் அடுத்த வாரமே வடபழனி முழுக்கத் தெரிந்திருக்கும். காது போன ஒலிக்காரனும் வாய் போன வக்கீலும் ஒன்று, யார் கூப்பிடுவார்கள்? இந்தப் படத்தின் கடைசி ரீல்களை அவன் ஒற்றைக் காதால்தான் செய்தான், இடது ஸ்பீக்கரைக் கேட்க வேண்டுமென்றால் நாற்காலியைத் திருப்பித் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். அசிஸ்டென்ட் அதை ஏதோ புது முறை என்று நினைத்துக்கொண்டு தானும் திரும்பி உட்கார்ந்தான். அப்படியே நினைக்கட்டும் என்று அறவாழி விட்டுவிட்டான். பிறகு ஒரு விடிகாலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, செத்துப்போன அந்தக் காதுக்குள் இந்த ஆள் பாட ஆரம்பித்தான். டாக்டர் நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. பயப்படாதீங்க, பைத்தியமெல்லாம் இல்ல, சத்தம் வராம மூளை சும்மா இருக்க முடியாம தானே ஒண்ணு பாடிக்கும், சின்ன வயசுல கேட்ட பாட்டு, கோயில் பஜனை, ரேடியோ இப்படி ஏதாவது, சிலருக்கு அதுவே நின்னுடும் என்றார். அறவாழி தலையாட்டினான். இதுவரை கேட்டதே இல்லாத பாட்டு வருமா டாக்டர் என்று மட்டும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டான். பாட்டுகளோடே பிழைத்தவன் அவன், பாதி வரி முனகினால் எந்த வருஷத்துப் படம் என்று சொல்லிவிடுவான். இந்தப் பாட்டை மட்டும் எங்கே வைத்துத் தேடுவது என்றே தெரியவில்லை. ஒரு இடத்தில் அது மேலே போய், இறங்கப் போகிறது என்று மனசு தயாராகும்போது, இறங்காமல் பக்கவாட்டில் ஒரு படி நகரும். அப்படி நகர்கிற பாட்டை அவன் கேட்டதில்லை. கேட்காத ஒன்றை மூளை எங்கிருந்து எடுக்கும்?

அமைதி முடிவதற்குள் அவன் எழுந்து, முழங்கால்களில் இடித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியே வந்துவிட்டான். படம் முடிந்ததும் மேடையில் கலந்துரையாடல் இருக்கிறது, கிருபாகரன் அவனைத்தான் முதலில் கூப்பிடுவான், இந்த அமைதிய செஞ்சவர் இவர்தாங்க என்று கையைப் பிடித்து இழுப்பான், யாராவது கேள்வி கேட்பார்கள், கேள்வி இடது பக்கத்திலிருந்து வரும். வெளியே மத்தியான வெயிலில் கண் கூசியது, கடல் எங்கோ பக்கத்தில்தான் இருக்க வேண்டும், காற்றில் உப்புப் பிசுபிசுப்பு. கால் போன போக்கில் நடந்தான். அல்வாக் கடைகள், அப்புறம் ஒரு வளைவு, அப்புறம் சட்டென்று கொப்பரை வாசனையும் மிளகாய் நெடியும். பழைய அங்காடித் தெரு, இரண்டு பக்கமும் கிடங்குகள், லாரிகளில் அரிசி மூட்டை ஏறிக்கொண்டிருந்தது, ஆட்கள் ஏதோ கத்துகிறார்கள், அந்தக் கத்தலெல்லாம் வலது பக்கத்தில் மட்டும் நடந்தது, உலகத்தை நடுவில் கிழித்து ஒரு பாதியை மட்டும் அவனுக்குக் கொடுத்தாற்போல. மற்ற பாதியில் அந்த ஆள் பாடிக்கொண்டே கூட வந்தான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவன் குரல் கிட்டே வந்திருக்கிறது. காலையில் ரயில் ஸ்டேஷனில் இறங்கியபோதே அறவாழிக்கு அப்படித் தோன்றியது, தூக்கமில்லாததால் என்று தள்ளிவிட்டான். சென்னையில் அடுத்த வீட்டு ரேடியோ போல இருந்த குரல் இங்கே அடுத்த அறையில் இருந்தது. அது மட்டுமா, சென்னையில் எப்போதும் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பாட்டு, இங்கே நிற்காமல் தொடர்ந்தது, புதுசாக ஒரு பாதி, தாழ்ந்து, பல்லுக்குள் பாடுவது போல. அந்நேரம் பார்த்து வலது காதில் ஹார்மோனியம் கேட்டது.

தெருவிலேயே நின்றான். வலது காதை மூடினான், ஹார்மோனியம் இல்லை. எடுத்தான், இருந்தது. கடவுளே, இது வெளியே. சாக்குக் கிடங்கு ஒன்றின் மாடி ஜன்னலிலிருந்து வருகிறது, கூடவே தபலா, கூடவே ஒரு கிதார்கூட, யாரோ பாடுகிறார்கள், யாரோ சபாஷ் போடுகிறார்கள். ஒரு குழந்தை போல அழலாமா என்று இருந்தது அவனுக்கு, வெளியே இருக்கும் பாட்டு, எல்லோருக்கும் கேட்கும் பாட்டு. மரப்படி செங்குத்தாக ஏறியது, கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். மேலே வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பாயில் பத்துப் பன்னிரண்டு பேர், ஆபீஸ் சட்டை போட்டவர்கள், சுமை தூக்கும் துண்டைத் தோளில் போட்டவர்கள், கல்லூரிப் பையன்கள், கிதாரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண். ஜன்னலோரம் நாற்காலியில் ஒரு வயதான அம்மாள், தலையில் முக்காடாக வெள்ளைத் தட்டம், கண்ணை மூடியிருந்தாள். யாரும் அவனை யார் என்று கேட்கவில்லை, நகர்ந்து இடம் விட்டார்கள், பால் சேர்க்காத சுலைமானி டீ ஒன்று கைக்கு வந்தது, எலுமிச்சை வாசனையோடு. பாட்டு முடிந்ததும் ஹார்மோனியக்காரர் அவனுடைய கழுத்து அட்டையைப் பார்த்துத் தமிழிலேயே பேச ஆரம்பித்தார்.

“மெட்ராஸா? விழாவுக்கு வந்ததா? நான் அசைனார். கோயமுத்தூர் உக்கடத்துல பேக்கரி வெச்சிருந்தேன், கொஞ்ச நாளில்ல, என் பாதி ஆயுசு அங்கதான். எந்தப் பாட்டைக் கேட்டு ஏறினீங்க, நம்ம பாட்டா, எதிர் மாடிப் பாட்டா? எதிர் மாடின்னா சொல்லிடுங்க, டீயைத் திரும்ப வாங்கிக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தெருவில் கீழே மூட்டை, மேலே பாட்டு, அதுதான் ஏற்பாடாம். எதிர் மாடியில் பழைய இந்திப் பாட்டு, மூலை மாடியில் கல்யாணப் பாட்டுக்காரப் பெண்கள் ஒத்திகை, பள்ளிவாசல் பக்கத்து மாடியில் கஜல் தவிர வேறு பாடினால் கதவைச் சாத்திவிடுவார்கள், இந்த மாடியில் எது வேண்டுமானாலும் பாடலாம், சொந்தமாகக் கட்டிய பாட்டென்றால் ரொம்ப விசேஷம். கிதார்ப் பெண் ரிஞ்சு, மருந்துக் கம்பெனியில் வேலை, போன வாரம் கட்டிய பாட்டை இப்போதுதான் இங்கே இறக்கியிருக்கிறாள், எதிர் மாடி தபலாக்காரர் அதைத் திருட ஜன்னலில் நிற்கிறார் என்று அசைனார் எதிரே கை நீட்டினார், எதிர் ஜன்னலில் நிஜமாகவே ஒருவர் நின்று பல்லைக் காட்டினார். அறவாழி சிரித்தான். சினிமாவில் இத்தனை வருஷம் இருந்தும் இப்படி ஒரு தெரு இருப்பது தெரியாமல் போயிற்றே, கிருபாகரனைக் கூட்டிவர வேண்டும், மைக் கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் ஓடியது மனசு, ஓடி, வழக்கமான கல்லில் இடறியது. யாருடைய காதுக்காக மைக்? சிரிப்புக்கு நடுவிலும் அந்த ஆள் நிறுத்தவில்லை. அறைக்குள் வந்ததும் குரல் இன்னும் கிட்டே வந்துவிட்டது, இடது தோளுக்குப் பக்கத்தில், பாயில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற தூரத்தில். அறவாழி இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே பாய் காலியாக இருந்தது. அத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற அறையில் அந்த ஒரு ஆள் அளவு இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. தற்செயல், காற்று வரட்டும் என்று விட்டிருப்பார்கள், இப்படியெல்லாம் யோசிக்க ஆரம்பித்தால் முடிவே கிடையாது என்று டீயைக் குடித்தான், நாக்குச் சுட்டது.

“மாடி ஏறினவங்க ஒரு வரியாவது பாடாம இறங்கக் கூடாது சாரே, இங்க அதான் சட்டம்” என்றார் அசைனார். “சினிமாக்காரர் வேற. பாடுங்க.”

நான் பாடறவன் இல்லீங்க, ஒலி சேர்க்கறவன், என்று சொல்லிப் பார்த்தான். விடவில்லை, முனகினாலும் போதும் என்றார்கள், இந்த மாடித் தபலாக்காரர் ஏற்கெனவே விரலைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். ஏதாவது பழைய பாட்டை எடுக்கலாம் என்று வாயைத் திறந்தான், ஆனால் எந்தப் பாட்டும் வரவில்லை. அறிந்த பாட்டெல்லாம் பயந்து எங்கோ ஓடி ஒளிந்துகொண்டாற்போல மண்டை காலியாகக் கிடந்தது, அந்த ஒருத்தன் மட்டும் பாடிக்கொண்டிருந்தான். வேறு வழி தெரியாமல் அறவாழி அவனைப் பின்பற்றினான். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் சொல்லச் சொல்ல எழுதுவது போல, அவன் ஒரு இழை விட, இவன் ஒரு இழை. கண்ணை மூடிக்கொண்டான். அடித்தொண்டையில் எழுந்து மேலே போயிற்று, இறங்கப் பார்த்தது, இறங்காமல் ஒரு படி பக்கவாட்டில் நகர்ந்தது. அந்த இடத்தில் தபலா நின்றது. கிதாரில் ஏதோ ஒரு கம்பி தானாக அதிர்ந்து ஓய்ந்தது. கண்ணைத் திறந்தான். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராக ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கண்ணைத் திறந்திருந்தாள்.

“இது எங்க கேட்டீங்க?” அசைனாரின் குரலில் விளையாட்டு போய்விட்டிருந்தது.

“தெரியல. எங்கயோ.”

“எங்கயோ கேக்க முடியாது. இது ஐதுரோஸ்க்காவோட மெட்டு. இதுக்கு வார்த்தையே கிடையாது. இந்தப் பாயில உக்காந்து மட்டும்தான் பாடுவார், எவனாவது போனை நீட்டினா அப்பவே நிறுத்திடுவார். பதிவே இல்ல சாரே, எங்கயும் இல்ல. ஆள் இப்ப இல்ல. மௌத்தாயிட்டார். அது அவர் சம்சாரம், சைனபாத்தா.”

எப்போது இறந்தார் என்று அறவாழி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். மழைக்காலத்தில் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது, எங்கே போவது? காரணங்களைத் தேடினான், அவசரமாக, வெள்ளத்தில் சாமான் எடுப்பவன் போல. ஒரே ராகத்தில் போகிற மெட்டெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். தெருவில் நடந்தபோது இவர்கள் பாடியதே அரைகுறையாக விழுந்து, மூளை அதைப் பழசு என்று எழுதிக்கொண்டிருக்கும், மூளை பொய் சொல்லும் என்று டாக்டரே சொல்லவில்லையா? அல்லது இவர்கள்தான் இழந்தவர்கள், இழந்தவர்களுக்கு எதைக் கேட்டாலும் அதுவாகத்தானே கேட்கும். எல்லாமே நியாயமான காரணம்தான். ஒன்றுகூடக் கையில் நிற்கவில்லை. ரிஞ்சு மெதுவாக, அதுக்கப்புறம் எப்படிப் போகும் என்று மலையாளத்தில் கேட்டாள், எங்களுக்கு அதுவரைதான் தெரியும், ஐதுரோஸ்க்கா அங்கேயே நிறுத்திவிட்டுச் சிரிப்பார் என்றாள், அசைனார் அதைத் தமிழில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அறவாழியின் வாய் பாட ஆரம்பித்திருந்தது. தாழ்ந்து, பல்லுக்குள், அந்தப் புதுப் பாதி. பாட வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தான்.

“மதி” என்றாள் சைனபா.

போதும் என்கிறாள். நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள், பாயில் இருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். கிட்டே வந்தபோது அவளிடமிருந்து அத்தரும் பொரித்த வெங்காயமும் சேர்ந்த வாசனை அடித்தது. அவள் பேசிய மலையாளத்தில் பாதி அறவாழிக்குப் புரிந்தது, மீதியை அசைனார் தரையைப் பார்த்தபடி சொன்னார். “அந்தப் பாதி மாடியில பாடினதில்லன்னு சொல்றாங்க. வீட்ல மட்டும்தானாம். குளிச்சிட்டு வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, தலை துவட்டறப்ப. இவங்களைத் தவிர வேற யாரும் கேட்டதில்லையாம்.” கீழே லாரி ஒன்று உறுமிக் கிளம்பியது. அவள் கோபப்படப் போகிறாள், திருடன் என்று சொல்லப் போகிறாள் என்று அறவாழி காத்திருந்தான், அதுகூட நல்லதாக இருந்திருக்கும். அவள் அவன் முகத்தை, பிறகு அவன் தலையின் இரு பக்கங்களையும், காய்கறி பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏது செவி, மோனே?”

எந்தக் காது மகனே என்று கேட்கிறாள். அவளிடம் காது என்று யாரும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. தமயந்தியிடம் சொல்லாததை, கிருபாகரனிடம் மறைத்ததை, அவன் அந்த அறையில் அத்தனை பேர் முன்னால் சொன்னான். “இடதுங்க. அந்தக் காது கேக்காது. செவிடு. அதுலதான் பாடறார்.” யாரும் வியந்துபோகவில்லை, யாரும் பரிதாபப்படவில்லை, ஒருவர் மட்டும் ஏதோ ஓதுவது போல உதட்டை அசைத்தார். சைனபா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அவனுக்கு இடது பக்கத்தில், யாரும் உட்காராமல் விட்டிருந்த அந்த இடத்தில் உட்கார்ந்தாள். தட்டத்தை ஒதுக்கினாள். வாயை அவனுடைய செத்த காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பேச ஆரம்பித்தாள்.

என்ன பேசினாள் என்று அறவாழிக்கு இன்றுவரை தெரியாது. ஒரு சொல்கூட விழவில்லை. மூச்சு மட்டும் காது மடலில் சூடாகப் பட்டது, சில இடத்தில் வேகமாக, சில இடத்தில் விட்டு விட்டு, ஒரு இடத்தில் அது நீளமாக வெளியேறியது, சிரித்தாளோ என்னவோ. எதிரே அசைனார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார், மற்றவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒரு வீட்டுக்குள் புருஷனும் பெண்சாதியும் பேசும்போது வெளியாள் விலகுவது போல. தன்னையும் விலக்கிக்கொள்ள அறவாழிக்கு வழி இல்லை, அவன்தான் வாசல். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, கிருபாகரனாக இருக்கும், படம் முடிந்திருக்கும், மேடையில் அவனைத் தேடுவார்கள், அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அப்போதுதான் அவன் கவனித்தான். பாட்டு இல்லை. எப்போது நின்றது? அவள் பேச ஆரம்பித்ததும் நின்றதா, நடுவில் நின்றதா? பல் தேய்த்துக்கொண்டிருந்த அந்த விடிகாலையிலிருந்து இன்றுவரை தூக்கத்தில்கூட ஓயாத ஒன்று ஓய்ந்துபோயிருந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அந்த அமைதி அவனுக்குத் தெரிந்த அமைதி, தொழில் தெரிந்தவனுக்குத் தெரியாமல் போகுமா, அது வெற்றறையின் அமைதி இல்லை, ஆள் இருக்கிற அமைதி. சைனபா தலையைப் பின்னால் இழுத்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“எந்தா பறஞ்ஞது?”

என்ன சொன்னார் என்று கேட்கிறாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், நல்லதாக நாலு வார்த்தை, சமாதானமாக இரு என்றாராம் என்று, அந்தக் கண்களைப் பார்த்தால் யாருக்கும் சொல்லத் தோன்றும். “ஒண்ணும் சொல்லலம்மா” என்றான். “பாட்டு நின்னுபோச்சு.” அசைனார் திரும்பி அதை மலையாளத்தில் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக, இப்படி ஒரு பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பது போல. ஆனால் சைனபாவின் முகம் வாடவில்லை. தெரிந்த விஷயம்தான் என்பது போலத் தலையசைத்து, ஏதோ சொன்னாள், அவள் கண்ணோரம் சுருங்கியது.

“அவர் எப்பவும் அப்படித்தானாம்” என்றார் அசைனார். “இவங்க பேச ஆரம்பிச்சா பாட்டை நிறுத்திட்டுத்தான் கேப்பாராம்.”

அவள் இன்னும் முடிக்கவில்லை. தட்டத்தை மறுபடி ஒதுக்கிக்கொண்டு கிட்டே நகர்ந்தாள், மூச்சு மறுபடி காது மடலில் பட்டது. போன் மறுபடி அதிர்ந்தது. அறவாழி அதை எடுக்கவில்லை, கழுத்து வலித்தும் தலையை அசைக்கவில்லை, எச்சில்கூட விழுங்காமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.